பச்சை நூல் காஜா

அவளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சபைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துப் புழங்கியவர்தான் யாரும் இல்லை. சின்னவர், பெரியவர் எல்லாருக்கும் அவள் காஜா அக்கா. சட்டையில் பொத்தான் நுழைய ஒரு துளை வெட்டி, அதன் ஓரம் பிரியாமல் நூலால் சுற்றிக் கட்டுவதற்குக் காஜா எடுப்பது என்று பெயர். இருபத்தாறு வருஷம் ஒரு சட்டைக் கம்பெனியில் அவள் அதை மட்டுமே செய்தாள். நிமிஷத்துக்குப் பத்துக் காஜா எடுக்கிற மெஷின் வந்ததும், ஒரு கைக்கடிகாரத்தைக் கொடுத்து அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது மூன்று தையல்காரர்கள், மெஷினை நம்பிக் கொடுக்க மனசு வராத கோட்டுகளை அவளிடம் கொண்டுவருகிறார்கள்.

வேலை என்றால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். ஓர் இழை விலகியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வாயும் அப்படித்தான், கத்திரிக்கோல். பிரசங்கம் நீண்டுபோனால் மூன்றாவது பெஞ்சிலிருந்து சத்தமாக ஒரு கொட்டாவி கேட்கும்; போதகர் அவசர அவசரமாக ஆமென் பக்கம் திரும்பிவிடுவார். இப்படி எதையும் விட்டுவைக்காத கண்ணும் வாயும் உள்ளவளை ஏழு வருஷம் ஏமாற்ற முடிந்தது என்றால், அதற்கு ஒரு சபையே சேர்ந்து உழைத்திருக்க வேண்டும். உழைத்தது.

லுத்தரன் சபை அது. பெரியது என்று சொல்ல முடியாது. இருபத்திரண்டு பெஞ்சு, ஒரு மணிக்கூண்டு, மழை வந்தால் ஒழுகுகிற பாடகர் அறை. ஆனால் கொடுப்பதில் தாராளக் கை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக் காணிக்கை முழுசாக வெளியே போய்விடும். காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு ஒரு மாதம், தெருவில் படுப்பவர்களின் சாப்பாட்டு மேசைக்கு ஒரு மாதம், ரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று தரம் போகிறவர்களின் பஸ் செலவுக்கு ஒரு மாதம். வாசலில் கண்ணாடிப் பலகைக்குள் அந்தப் பட்டியல் தொங்கும். அதில் கடைசி வரி, ‘ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்குப் போர்வை’. அந்த வரிதான் காஜா அக்கா.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவளாகப் போய்க் கேட்டுச் சேர்த்துக்கொண்ட வரி அது. காரணம் கேட்டவர்களிடம், “வீட்ல துண்டுத் துணி கிடக்குது” என்றாள். உண்மைக் காரணம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று புருஷன், லிஃப்ட் மெக்கானிக். இன்னொன்று நர்ஸம்மா. கல்யாணமான மூன்றாம் வருஷம் அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை ஏழு மாசத்தில் பிறந்தது. மூக்கும் முழியுமாக இரண்டு நாள் இருந்தது. போகும்போது அதன் மேல் கிடந்தது ஆஸ்பத்திரி முத்திரையும் நம்பரும் குத்திய ஒரு வெள்ளைத் துண்டு. அந்த வார்டில் வேலை பார்த்த நர்ஸம்மாதான் அந்தத் துண்டோடு பிள்ளையை அவள் மடியில் வைத்தாள். என் பிள்ளைக்கு என்று சொல்ல ஒரு முழத் துணி இல்லாமல் போயிற்றே என்பது அவளுக்கு ஆறவே இல்லை. அதற்குப் பிறகு பிள்ளையும் இல்லை. அந்த ஆஸ்பத்திரி வாசலை இனி மிதிப்பதில்லை என்று அன்றைக்குச் சபதம் செய்தாள். இந்தச் சபதம்தான் பின்னால் எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று.

போர்வை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒன்றரை முழத்துக்கு இரண்டு முழம். இரண்டு பக்கமும் மெல்லிய பருத்தி, நடுவில் சன்னமாகப் பஞ்சு. ஒரு மூலையில் மட்டும் கையால் ஒரு காஜா. அதில் பொத்தான் கிடையாது. துவைத்த பிறகு தொட்டில் கம்பியில் மாட்டி உலர்த்தத்தான் அந்தத் துளை. வருஷத்துக்கு ஒரு நிறம் வைத்திருந்தாள். ஒரு வருஷம் மஞ்சள், ஒரு வருஷம் பச்சை, ஒரு வருஷம் செங்கல் நிறம். இந்த வருஷம் கத்திரிப்பூ. இதை யாரிடமும் சொன்னதில்லை. எந்த வருஷத்துப் போர்வை எத்தனை துவைப்புத் தாங்குகிறது என்று என்றைக்காவது யாராவது சொன்னால் தெரிந்துகொள்ளலாமே என்று ஒரு தொழில் ஆசை, அவ்வளவுதான்.

புதிதாக வந்த போதகர் ஒருமுறை மெதுவாக, “நற்செயலால நாம பரலோகம் போறதில்லம்மா, கிருபையாலதான்” என்று பாடம் எடுத்தார்.

“டிக்கெட் வாங்கத் தைக்கல ஐயா. புள்ளைங்க குளிரக் கூடாதுன்னு தைக்கிறேன்” என்றாள்.

வருஷத்துக்கு ஒரு ஞாயிறு போர்வை ஞாயிறு. அந்த வருஷத்துப் போர்வைகளையெல்லாம் மணிக்காரர் பெஞ்சுகளின் முதுகில் ஒவ்வொன்றாக விரித்துப் போடுவார். போதகர் ஜெபித்து ஆசீர்வதிப்பார். ஆராதனை முடிந்ததும் லிஃப்ட் மெக்கானிக் அவற்றைப் பெட்டியில் அடுக்கி வேனில் ஏற்றிக்கொண்டு போவார். முதல் ஏழு வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு வரி நன்றிகூட வந்தது கிடையாது. அவளும் எதிர்பார்க்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு அவள் நாலு மாசம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாளே, அந்த வருஷத்துப் போர்வை ஞாயிறு முடிந்து ஒரு மாசம் கழித்துத்தான் முதல் கடிதம் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த நர்ஸம்மா அதைக் கோயிலில் எழுந்து நின்று வாசித்துவிட்டு, அவள் படுக்கைக்கே கொண்டுவந்து கொடுத்தாள். யாரோ ஒரு தாய், பெயர் போடாமல், கோணல் எழுத்தில் நன்றி எழுதியிருந்தாள். காஜா அக்கா அன்று மத்தியானமே மெஷினுக்கு எண்ணெய் போட்டாள்.

அடுத்த வருஷத்துக் கடிதம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. ஏழு மாசத்தில் பிறந்த ஓர் ஆண்பிள்ளை. பிழைக்காது என்று கைவிட்டது. போர்வைக்குள் கிடந்து தேறிவிட்டது. “இன்னும் பெயர் வைக்கவில்லை. இந்தப் போர்வையைத் தைத்த கை எதுவோ அந்தக் கைக்குச் சொந்தக்காரரே ஒரு பெயர் சொன்னால் நன்றாயிருக்கும்” என்று அந்தத் தாய் கேட்டிருந்தாள்.

மூன்று நாள் அவள் மெஷினைத் தொடவில்லை. தன் பிள்ளைக்கென்று அவள் ஒரு பெயர் வைத்திருந்தாள். வயிற்றில் இருக்கும்போதே வைத்தது. வாய்விட்டுச் சொல்வதற்குள் பிள்ளை போய்விட்டதால் புருஷனிடம்கூடச் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டாள். நாலாம் நாள் நர்ஸம்மா வீட்டுக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு காதோடு காதாக அந்தப் பெயரைச் சொன்னாள். “சும்மா பெட்டிக்குள்ள கிடக்கிற பேருதானேக்கா. ஒரு புள்ள போட்டுக்கட்டும்” என்றாள். நர்ஸம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்காக அழுதாள் என்பது அன்றைக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் எங்கோ ஒரு மகன் வளர்ந்தான். வருஷத்துக்கொரு கடிதம். பல் முளைத்தது, நடந்தது, படியில் விழுந்து நெற்றியில் தையல் போட்டது. தையல் போட்ட வருஷம் இவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல். அவன் பிறந்த நாளாக அவளே ஒரு தேதி வைத்துக்கொண்டு, அன்று காலை எழுந்ததும் மனசுக்குள் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபிப்பாள். இந்த வருஷம் அவன் பள்ளிக்கூடம் போகிற வயது. கடிதத்தில் பள்ளிக்கூடம் பற்றி இருக்குமா, அழாமல் போனானா, இதே யோசனையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்ததும் மூக்கில் ஏறியது அந்துருண்டை வாசனை.

புதுத் துணியில் அந்துருண்டை வாசனை எப்படி வரும்? போன வாரம்தானே கடைசிக் கட்டைத் துவைத்து, தேய்த்துக் கொடுத்தாள்? முன் பெஞ்சின் முதுகில் கிடந்த போர்வையை விரலால் தொட்டுப் பார்த்தாள். நீலக் கட்டம் போட்ட துணி. அவள் தைத்ததுதான், சந்தேகமில்லை. மூலையைத் திருப்பினாள். பச்சை நூல்.

பச்சை மூன்று வருஷத்துக்கு முந்தினது.

பக்கத்தில் கிடந்ததைத் திருப்பினாள். மஞ்சள். அது ஐந்து வருஷம். அதற்கடுத்தது செங்கல் நிறம். எல்லாரும் பாவ அறிக்கைக்கு எழுந்து நின்று, செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் ஒரே குரலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காஜா அக்கா மட்டும் குனிந்து பெஞ்சு பெஞ்சாக மூலைகளைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ஒன்றுகூட ஒரு துவைப்புக் காணவில்லை. மடித்த மடிப்பு மடிப்பாகவே இருந்தது. ஒரு குழந்தையின் பால் கறை இல்லை, மூத்திரக் கறை இல்லை. மூன்று வருஷம் தொட்டிலில் கிடந்த துணி இப்படியா இருக்கும்?

நர்ஸம்மா எழுந்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தைப் பிரித்தாள்.

“நம்ம பையன் ஸ்கூலுக்குப் போக ஆரம்பிச்சுட்டான். முதல் நாள் கொஞ்சங்கூட அழல. டீச்சர் பேர் என்னன்னு கேட்டதும், எழுந்து நின்னு, தன் பேரைச் சத்தமா...”

சபை முழுக்க ஈரக் கண்ணோடு மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. வருஷா வருஷம் பார்ப்பதுதான். அவள் அழுகிற அழகைப் பார்க்கத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். இந்த முறை அவள் அழவில்லை. பச்சைக் காஜாவுக்குள் விரலை விட்டுக்கொண்டு நர்ஸம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸம்மாவின் குரல் இடையில் ஒரு தரம் தடுக்கியது. பிறகு சமாளித்துக்கொண்டு முடித்தாள்.

ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே காஜா அக்கா எழுந்து வெளியே வந்துவிட்டாள். மணிக்கூண்டு வாசலில் மணிக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மணிக்காரர் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டதால் இந்த வருஷம் விரித்தது அவள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் கல்யாணமாகி இந்தக் கோயிலுக்கு வந்தே எட்டு மாசம்தான் ஆகிறது.

“அக்கா, எப்படி விரிச்சிருக்கேன் பார்த்தீங்களா? இன்னும் உள்ள பெட்டி பெட்டியா இருக்குதுக்கா. எனக்குப் படிக்கத் தெரியாதா, எது இந்த வருஷத்துதுன்னு தெரியல. மேல இருந்த மூணு பெட்டியைப் பிரிச்சேன். அதுக்கே பெஞ்சு பத்தல. எவ்வளவு தைச்சிருக்கீங்க, அம்மாடி!”

“எங்க இருக்குது?”

“இதோ, கூண்டுக்குக் கீழ இருக்கிற ரூம்லதான். வாங்க காட்டுறேன்.”

ஆணி அடித்த ஜன்னல், ஒரு உடைந்த ஆர்மோனியம், கிறிஸ்து பிறப்பு நாடகத்துக்கு வைத்திருந்த தேவதூதர் இறக்கைகள். அவற்றுக்குப் பின்னால் சுவரோரமாகப் பதினொரு அட்டைப் பெட்டி. ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் வருஷம் எழுதியிருந்தது. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு. உலகத்தில் அவளுக்குத் தெரிந்து ஏழுக்கு அப்படிக் கோடு போடுகிறவர் ஒருவர்தான். லிஃப்டில் மாடி எண் எழுதிப் பழகிய கை. பால் கணக்கு நோட்டில், மருந்துப் புட்டியில், கேஸ் சிலிண்டர் வந்த தேதியில் எல்லாம் முப்பது வருஷமாக அவள் பார்த்த ஏழு.

அந்த வருஷங்களில் வேன் எங்கேயும் போனதில்லை. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பின்வாசலுக்கே வந்திருக்கிறது. கட்டிய புருஷன், பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, கை கழுவி வீட்டுக்கு வந்து, “குடுத்துட்டு வந்துட்டேன்” என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

போதகர்தான் முதலில் ஓடி வந்தார். பின்னால் நர்ஸம்மா, மூச்சு வாங்க. அவர்களுக்கும் பின்னால், வாசற்படியைத் தாண்டாமல், லிஃப்ட் மெக்கானிக்.

“உக்காருங்கம்மா, எல்லாத்தையும் சொல்லிடுறேன்” என்றார் போதகர்.

“நின்னுட்டே கேக்குறேன் ஐயா.”

அவர் சொன்னார். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி சட்டத்தை மாற்றிவிட்டது. வீட்டில் தைத்த துணி எதையும் குழந்தை வார்டுக்குள் விடமாட்டோம், கிருமி வரும் என்றார்கள். அந்த வருஷம் போன பெட்டி அப்படியே திரும்பி வந்தது. அன்றைக்கு அவள் ஆபரேஷன் முடிந்து கிடந்த கிடப்பில் இதை எப்படிச் சொல்வது? சபைக் குழு உட்கார்ந்து பேசியது. இந்த ஒரு வருஷம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். முந்தின போதகர் மாறிப் போகும்போது இவரிடம் சாவியோடு சேர்த்து இந்த ரகசியத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

“வேற இடத்துலயும் கேட்டுப் பார்த்தோம்மா. சின்ன சைஸா இருக்குதுன்னாங்க. தூக்கிப் போட எங்களுக்கு மனசு வரல. வருஷா வருஷம் உங்களுக்குத் துணியும் நூலும் பஞ்சும் வாங்கிக் குடுத்தது சபைதான். சந்தோஷமாத்தான் குடுத்தோம்.”

காஜா அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாசற்பலகையின் கடைசி வரியில் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் இல்லை. காது கேளாத பிள்ளைகளுக்குக் கீழே, தெருவில் படுப்பவர்களுக்குக் கீழே, பஸ் செலவுக்கு வழியில்லாதவர்களுக்குக் கீழே, இவள் இருக்கிறாள். சபை ஏழு வருஷமாகத் தர்மம் செய்தது இவளுக்கு.

“எல்லாருக்கும் தெரியுமா?”

மணிக்காரரின் மனைவியைத் தவிர எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். காதில் பூ சுற்றுவது என்பார்கள். இவர்கள் சுற்றியது மாலையாகவே தொங்கியிருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு வருஷா வருஷம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

“கிருபைன்னு நினைச்சு ஏத்துக்கோங்கம்மா” என்றார் போதகர். நல்ல மனுஷன்தான். ஆனால் நல்ல மனுஷர்கள் சில நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

“கடவுளே கிருபையைச் சொல்லிட்டுத்தான் குடுத்தாரு ஐயா. ஒளிச்சு வெச்சுக் குடுக்கல” என்றாள். பிறகு நர்ஸம்மா பக்கம் திரும்பினாள்.

“லெட்டர்?”

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றினாள். “நான்தான். எழுத்து தெரியக் கூடாதுன்னு இடது கையால எழுதினேன். நீ சுவரைப் பார்த்துட்டே கிடந்தே. செத்துருவியோன்னு பயந்தேன்டீ. ஒரு லெட்டர் எழுதினேன், நீ எழுந்து உக்காந்துட்டே. அதுக்கப்புறம் எனக்கு நிறுத்தத் தெரியல.”

“அந்த ஏழு மாசப் புள்ள?”

நர்ஸம்மா தரையைப் பார்த்தாள்.

“அக்கா, உங்களைத்தான் கேக்குறேன். நான் பேரு வெச்ச புள்ள. நெத்தியில தையல் போட்ட புள்ள. இன்னைக்கு ஸ்கூலுக்குப் போனானே, அந்தப் புள்ள எங்க?”

“இல்லம்மா.” என்றாள் நர்ஸம்மா. “அப்படி யாரும் இல்ல.”

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போல இருந்தது என்று சொன்னால் அது குறைவு. போர்வை போகாமல் போகட்டும், பெட்டியில் கிடக்கட்டும், துணிதானே. தர்மம் வாங்கினவள் என்று ஆகட்டும், அதையும் விழுங்கிவிடலாம். ஆனால் அவளுடைய பிள்ளை இரண்டாம் முறையாக இப்போது இந்த ரூமில் செத்துப்போயிற்று. முதல் தரம் வெள்ளைத் துண்டோடு மடியில் வைத்த அதே கை, இந்த முறை மடியில் வைக்க ஒரு துண்டுகூட இல்லாமல் வெறுங்கையாக நிற்கிறது.

“வேற எதை வேணும்னாலும் பொய்யா எழுதியிருக்கலாம்க்கா” என்றாள் மெதுவாக. “பேரு கேட்டு எழுதியிருக்கக் கூடாது. என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். உங்களை நம்பித்தான் வெளியே எடுத்தேன்.”

நர்ஸம்மா அவள் கையைப் பிடிக்க வந்தாள். காஜா அக்கா கையை உதறவில்லை. முந்தானைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். முப்பது வருஷம் திருவிருந்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டவர்கள் அவர்கள். ஒருத்தி எழுந்திருக்க இன்னொருத்தி கை கொடுத்த பழக்கம். அந்தப் பழக்கத்தில் நர்ஸம்மாவின் கை கொஞ்ச நேரம் காற்றில் அப்படியே நின்றது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் புருஷன் நாலு அடி பின்னால் நடந்து வந்தார். பஸ் நிறுத்தம், மருந்துக் கடை, மூடியிருந்த தையல் கடை எல்லாம் தாண்டியாயிற்று. மத்தியான வெயிலில் தெருவில் வேறு யாரும் இல்லை. வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனவள், சுவரில் வரிசையாக ஒட்டியிருந்த ஏழு கடிதத்தையும் கழற்றி, கிழிக்காமல், மேசை மேல் கவிழ்த்து வைத்தாள்.

“உன் நல்லதுக்குன்னுதான் நினைச்சேன்” என்றார் அவர், செருப்பைக்கூடக் கழற்றாமல். “பொட்டியைத் தூக்குறப்பல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். சத்தியமாச் சொல்றேன், லெட்டர் விஷயம் தெரியும். பேரு விஷயம் தெரியாது. யாரோ ஒரு புள்ளைக்கு நீ ஏதோ ஒரு பேரு சொன்னேன்னுதான் நினைச்சேன். அது நம்ம புள்ளைக்கு வெச்ச பேருன்னு இன்னைக்குத்தான்...”

அவள் ஒரு கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய கோட்டு. ஊசியில் கறுப்பு நூலைக் கோத்தாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார். “என்ன பேரு வெச்சிருந்தே? எனக்கு ஒரு தரம் சொல்லேன். நான் அவனோட அப்பன்தானே.”

காஜா அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. ஆறு வருஷமாக ஜெபத்தில் சொல்லிப் பழகிய பெயர். வாயைத் திறந்தால் அதோடு பல் முளைத்ததும், நடந்ததும், நெற்றித் தையலும், பள்ளிக்கூடமும் சேர்ந்தே வரும். வேறொருத்தி இடது கையால் எழுதியதெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் வயிற்றிலிருந்தபோது வைத்த பெயராக அது இனி வராது.

“நர்ஸக்காகிட்ட போய்க் கேட்டுக்கோங்க” என்றாள். “அவங்கதான் அவனை வளர்த்தாங்க.”

சொல்லிவிட்டு, கோட்டின் ஓரத்தை விரலால் நீவி, பொத்தான் வருகிற இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு, வெட்டத் தொடங்கினாள்.